க்ளீட் மாட்டுன ஷூவைத் திருப்பி எடுப்பாவளா?

அடுத்த கேள்வி மார்த்தாண்டத்துல இருந்து. வாசிக்கேன்.

"அண்ணாச்சி, நாங்க மூணு பேரு ஜனவரியில ஸ்ரீநகர்ல இருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிள்ல வரப் போறோம். எனக்கு சாதா ஷூ 8. குளிர்கால சைக்கிள் ஷூ ஆன்லைன்ல 42 வாங்கினேன். கம்பளி சாக்ஸ் போட்டா பெருவிரல் முட்டுது. க்ளீட் மாட்டிட்டதால திருப்பி எடுக்க மாட்டோம்னு கடைக்காரங்க சொல்றாங்க. என்ன செய்யலாம்? அடுத்த ஜோடிக்கு அளவு எப்படி எடுக்கணும்?"

தெரியாதவங்களுக்கு, க்ளீட்ங்கது ஷூ அடியில திருகி மாட்டுத துண்டு, பெடல்ல கொளுவி நிக்கதுக்கு. தம்பி, பணம் திரும்பி வாரதுக்கு வழி கொஞ்சம் குறுகலாத்தான் இருக்கு. அதைப் பின்னால சொல்லுதேன். மொதல்ல அளவு. இதே தப்பை அடுத்த ஜோடியிலயும் செஞ்சுரக் கூடாதுல்லா.

அதுக்கும் முன்னால மத்தவங்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம மாவட்டத்துக்குள்ள ஓட்டுறதுக்கு இந்த ஷூ வேண்டவே வேண்டாம். பேச்சிப்பாறை, மாத்தூர் தொட்டிப்பாலம்னு சுத்துற ஆளு, மழைக்கு ஆகும்னு இதை வாங்குனா, கால் வழியா மேல இருந்து வடியுற தண்ணி உள்ள போயி நிக்கும். வெளிய போவ வழி கெடையாது. ரெண்டு நாளு காயாது, நாத்தம் வேற. 10 டிகிரிக்குக் கீழ மணிக்கணக்கா ஓட்டுறவனுக்குத்தான் இது. ஸ்ரீநகர்ல டிசம்பர் 21ல இருந்து நாப்பது நாளு கடுங்குளிரு, ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழ போவும். கீழ இறங்குனா பஞ்சாப், டெல்லி பக்கம் காலையில மூடுபனி. அதனால தம்பிக்கு இது தேவைதான். ஆனா நாக்பூர் தாண்டுனா பகல்ல இதுக்குள்ள கால் வெந்துரும். அங்க வச்சு பார்சல் போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டு, சாதா ஷூவுல மிச்சம் ஓட்டுத மாதிரி திட்டம் போடுங்க.

சரி, 8ன்னா 42ன்னு எவன் சொன்னான்? நம்ம கடைகள்ல சொல்லுத 8ங்கது இங்கிலாந்து அளவு. அதுல ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் வித்தியாசம் சுமார் எட்டரை மில்லிமீட்டர். ஐரோப்பா அளவுல வித்தியாசம் 6.67 மில்லிமீட்டர்தான். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு நேரா ஒக்காராது. ஒரு கம்பெனிக்கு 8ன்னா 42, இன்னொண்ணுக்கு 42.5. அதனால எண்ணை மறந்துருங்க, சென்டிமீட்டரைப் பிடிங்க.

கேமராவைக் கொஞ்சம் கீழ இறக்கு. ஆங். இதோ வெள்ளைத் தாளு, செவுத்தை ஒட்டித் தரையில போட்டு டேப் ஒட்டியாச்சு. ஓட்டும்போது எந்த சாக்ஸ் போடப் போறியளோ, அந்தக் கம்பளி சாக்ஸையே போட்டுக்கிடணும். குதிகால் செவுத்துல தொடணும். ஒக்காந்துட்டு அளக்கக் கூடாது, ரெண்டு கால்லயும் பாரம் குடுத்து நிக்கணும், நின்னா பாதம் பரவும். பென்சிலை நேரா, செங்குத்தாப் பிடிக்கணும். இப்படிச் சாய்ச்சுப் பிடிச்சா மூணு, நாலு மில்லிமீட்டர் கள்ளக் கணக்கு வந்துரும், பாத்தியளா? நீளமான விரலு எதுவோ அதுல புள்ளி. சில பேருக்குப் பெருவிரலை விட ரெண்டாவது விரலு நீளம். ரெண்டு காலையும் அளக்கணும், பெரிய காலுக்குத்தான் ஷூ. நேரம் சாயங்காலம். காலையில எடுத்த அளவு பொய் சொல்லும், நாள் பூரா நடந்த பொறவு கால் வீங்கி இருக்கும்.

அடுத்தது அகலம். தையல் டேப்பை எடுத்து, விரல் தொடங்குத எடத்துல முண்டு மாதிரி ரெண்டு பக்கமும் தள்ளிக்கிட்டு இருக்குல்லா, அதைச் சுத்தி ஒரு சுத்து. சின்ன வயசுல ஒருபாடு வெறுங்காலோட நடந்தவனுக்கு முன்பாதம் விரிஞ்சு இருக்கும். ஐரோப்பாக்காரன் சைக்கிள் ஷூவோ ஒடுக்கம். அப்பம் நீளத்துல ஒரு சைஸ் கூட்டிச் சமாளிக்கலாம்னு நெனைப்பு வரும். செய்யாண்டாம். குதிகால் எழும்பும், க்ளீட் துளையும் பாதத்துக்கு முன்னால தள்ளிப் போயிரும். அதே சைஸுல 'வைட்'னு அகல மாடல் இருக்கான்னு பாருங்க.

ஒரு கணக்குக்கு, சாக்ஸோட 26.7 வருதுன்னு வச்சுக்கிடுவோம். ஷிமானோ கம்பெனி அட்டவணையில 42ன்னா 26.5, 43ன்னா 27.2. அப்பம் 43. தம்பி விரலு முட்டுன கதை அநேகமா இதுதான். வெறுங்கால் 26.2 இருந்திருக்கும், 42 சரின்னு தோணியிருக்கும், அரை சென்டிமீட்டரை சாக்ஸ் தின்னுட்டுது.

அட்டவணையில இன்னொரு குழி இருக்கு. சில கடை போடுறது பாத நீளம். சில கடை போடுறது ஷூவுக்குள்ள பாதத்துக்கு அடியில கெடக்க மெத்தை, அதாவது இன்சோல், அதோட நீளம். பாத நீளம்னா உங்க அளவை நேரா ஒப்பிடலாம். இன்சோல் நீளம்னா உங்க அளவோட ஒரு சென்டிமீட்டர் கூட்டித்தான் பாக்கணும். எதுன்னு போடலைன்னா, 'இந்த 43ல இன்சோல் எத்தனை சென்டிமீட்டர்'னு சாட்ல எழுத்துல கேளுங்க. போன்ல கேக்காண்டாம். அந்தப் பதிலு பொறவு உதவும், ஏன்னு சொல்லுதேன்.

இறுக்கமா இருந்தா குளிரு உள்ள வராதுன்னு ஒரு நெனைப்பு நம்ம ஆளுவளுக்கு உண்டு. நேர் எதிரு. ஷூ சூட்டை உண்டாக்காது. சூடு உங்க ரத்தத்துல வருது, கம்பளி நூலுக்கு நடுவுல அடைபட்ட காத்து அதைப் பிடிச்சு வைக்குது. இறுக்கிப் பிடிச்சா ரத்த ஓட்டம் கொறையும், காத்தும் நசுங்கிப் போவும். அரைமணி நேரத்துல விரலு மரத்துரும். மரத்த பொறவு வலியும் தெரியாது, அதுதான் பயம். அதனால விரலுக்கு முன்னால ஒரு சென்டிமீட்டர் எடம் வேணும். விரலை உள்ளுக்குள்ள தூக்கி ஆட்ட முடியணும். மேல டயலோ வெல்க்ரோவோ பாதிக்கு மேல இறுக்காமலே பாதம் அசையாம நிக்கணும்.

இப்பம் பார்சல் வந்தாச்சு. இங்கதான் ஒருபாடு பேருக்குப் பணம் போவுது.

பெட்டியைத் திறக்கும்போது வீடியோ. மேல ஒட்டுன லேபிள் தெரியணும், வெட்டு இல்லாம ஒரே ஓட்டமா எடுக்கணும், ஷூ மேல இருக்க சைஸ் எண்ணும் தெரியணும். பொறவு ஷூவைத் தரையில வைக்காதீங்க. கட்டில்ல துவைச்ச விரிப்பு போட்டு, அது மேல. மொதல் வேலை இன்சோலை உருவி வெளிய எடுக்கது. இந்தா, இப்படி. தரையில இதைப் போட்டு சாக்ஸோட மேல ஏறி நில்லுங்க. விரலுக்கு முன்னால எத்தனை எடம்? என் சுண்டுவிரல் அகலத்துக்கு இருக்கு, போதும். பக்கவாட்டுல பாதம் இன்சோலைத் தாண்டிப் பிதுங்குதா? லேசா இருந்தா பரவாயில்ல, தெளிவாப் பிதுங்குனா அந்த மாடல் உங்க காலுக்கு இல்ல. இந்த ஒரு நிமிசப் பரிசோதனையை எவனும் செய்ய மாட்டான், நேரா க்ளீட்டை மாட்ட ஆலன் கீயை, அதான் ஆறுமூலைச் சாவியை, எடுத்துருவான்.

பொறவு ஷூவைப் போட்டு, அந்த விரிப்பு மேலயே இருபது நிமிசம். ஒரு புஸ்தகத்துல குதிகாலை வச்சு முன்பாதத்தைச் சரிச்சு நில்லுங்க, இறக்கத்துல நிக்க மாதிரி. விரலு முன்னால போயி இடிச்சா சின்னது. காத்தாடியை முழுசாச் சுத்த விடுங்க, நம்ம ஊரு வேக்காட்டுல பத்து நிமிசத்துல வேர்க்கும், வேர்வை மணம் வந்தாலே 'பயன்படுத்தியது'ன்னு எழுதிருவாவ. இன்னொண்ணு, இந்தச் சூட்டுல கால் கொஞ்சம் ஊதி இருக்கும். ஸ்ரீநகர் குளிருல சுருங்கும். அதனால நாகர்கோவில்ல 'கச்சிதம்'னு தோணுத ஷூ அங்க ஒரு மயிரிழை தளர்வா இருக்கும், அது நல்லதுதான். இங்க 'கொஞ்சம் பிடிக்கு, பழகிரும்'னு தோணுனா பழகாது. தண்ணி புகாம இருக்க உள்ள படலம் வச்ச ஷூ, தோல் செருப்பு மாதிரி இழுபட்டு விரியாது.

க்ளீட். இந்த ஷூவை உங்க பக்கம் திருப்புதேன். அடியில ரெண்டு நீளக் கோடு இருக்குல்லா, அதுக்குப் பக்கத்துல பல்லு கடிச்ச மாதிரித் தடம். ரெண்டு எம்5 திருகு, 4 மில்லிமீட்டர் ஆலன் கீ, 5ல இருந்து 6 நியூட்டன் மீட்டர் முறுக்கு. அந்த இறுக்கத்துல க்ளீட்டோட அடிப்பல்லு சோல்ல பதிஞ்சுரும். ஒரே ஒரு தடவை மாட்டிக் கழத்துனாலும் மறையாது. கடைக்காரன் போட்டோல பாக்கது இதைத்தான். திருகு ஏறுறதுக்கு முன்னால வரைக்கும் அது அவன் சரக்கு, ஏறுன பொறவு உங்க சரக்கு. அளவு உறுதின்னு தெரிஞ்ச பொறவு மாட்டுங்க. மாட்டும்போது மட்டும் இன்சோலுக்கு அடியில, க்ளீட் துளை மேல அலுமினிய டேப் ஒரு துண்டு ஒட்டிக்கிடுங்க, தண்ணியும் குளிரும் ஏறுறது அந்த வழியாத்தான். திருகுல ஒரு சொட்டு கிரீஸ்.

இப்பம் தம்பியோட பணம். சட்டம் என்ன சொல்லுது? 2020ல வந்த மின்வணிக விதிகள்படி, பொருள் பழுதா இருந்தா, கடையோட இணையப் பக்கத்துல போட்ட விவரத்துக்கு ஒத்து வரலைன்னா, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தா, விக்கிறவன் திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்ல முடியாது. ஆனா 'எனக்கு அளவு சேரலை'ங்கது பழுது இல்ல. அது அந்தக் கடையோட கொள்கையைப் பொறுத்தது. அதுல 'பயன்படுத்தாத நிலையில'ன்னு போட்டிருந்தா, க்ளீட் தடத்தோட வாதாடி ஜெயிக்கது கஷ்டம். மறைச்சுப் பேசி என்ன ஆவப் போவுது.

ஒரு வாசல் பாக்கி இருக்கு. இன்சோலை எடுத்து ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க. கடைப் பக்கத்துல 42க்குப் போட்டிருந்த இன்சோல் நீளத்தை விட அஞ்சாறு மில்லிமீட்டர் கொறைஞ்சா, அது விவரத்துக்கு ஒத்து வராத பொருள். ஸ்கேலோட போட்டோ, அந்தப் பக்கத்தோட ஸ்கிரீன்ஷாட், ரெண்டையும் சேர்த்து ஆப்ல புகார் எழுதுங்க. அடுத்த ஜோடிக்கு சாட்ல எழுத்துல பதில் வாங்கச் சொன்னது இதுக்குத்தான். கேக்கலைன்னா கடையோட குறைதீர் அலுவலர். அவரு பேரும் தொடர்பும் தளத்துல இருக்கணும்னு விதி. 48 மணி நேரத்துல புகார் கிடைச்சுதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்வு. அதுக்கும் மேல 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். கடைசியா நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்க எடத்துலயே வழக்குப் போடலாம், அதாவது நாகர்கோவில்ல. கடை எந்த ஊருல இருந்தா என்ன. ரெண்டு வருசத்துக்குள்ள போடணும், 5 லட்சம் வரை கட்டணம் கெடையாது.

இன்சோல் அளவு கடை போட்ட மாதிரி சரியாத்தான் இருக்குன்னா, மெல்லிய மெரினோ கம்பளி சாக்ஸ் போட்டு, ஷூவுக்கு மேல ரப்பர் மாதிரி நியோபிரீன் உறை ஒண்ணு மாட்டிப் பாக்கலாம். விரலு இன்னும் முட்டுதுன்னா விடுங்க, இன்சோலை மாத்துனா உயரம் கிடைக்கும், நீளம் கிடைக்காது. சைக்கிள் குழுவுல 41 காலுக்காரன் எவனாவது வாங்கிருவான்.

அடுத்த ஜோடி ஆர்டர் போடும்போது பின்கோடை அடிச்சு, திருப்பி எடுக்க ஆள் வருவாவளான்னு தனியாப் பாருங்க. டெலிவரி வரும், ரிட்டன் எடுக்க வர மாட்டாவ, மலையோரத்துல இது சகஜம். அப்படின்னா நாகர்கோவில்ல சொந்தக்காரங்க விலாசம் குடுத்துருங்க. நாமளே அனுப்பணும்னா கூரியர்காரன் எடையை மட்டும் பாக்க மாட்டான். 35க்கு 22க்கு 13 சென்டிமீட்டர் பெட்டின்னா பெருக்கி 5000ஆல வகுப்பான், 2 கிலோக் கணக்கு. ஷூ ஒண்ணேகால் கிலோதான் இருக்கும். வெளிநாட்டுக் கடைன்னா இதோட சுங்க வரியும் போச்சு, அதைத் திரும்ப வாங்குறது தனிப் பாடு. சைஸ் ஏற்கெனவே தெரிஞ்ச மாடலா இருந்தா மட்டும் அங்க வாங்குங்க.

திருப்பி அனுப்புத கெடு நாளை டெலிவரி தேதியில இருந்து எண்ணணும், பெட்டி பிரிச்ச நாள்ல இருந்து இல்ல. திருப்பும்போது கம்பெனிப் பெட்டி மேல டேப் ஒட்டாதீங்க, அதை இன்னொரு அட்டைப்பெட்டிக்குள்ள வைங்க. மூடுறதுக்கு முன்னால வீடியோ, பக்கத்து மளிகைக் கடைத் தராசுல வச்சு எடையோட ஒரு போட்டோ. 'வெறும் பெட்டி வந்துது'ன்னு சொன்னா அந்த எடைதான் உங்க சாட்சி. எடுக்க வந்த ஆளு போவதுக்கு முன்னால 'எடுத்தாச்சு'ன்னு செய்தி வந்துதான்னு பாத்துக்கிடுங்க. பணம் வரலைன்னு கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடாதீங்க, ஆப்புக்குள்ள இருக்கத மட்டும் பாருங்க. பணம் வாங்குறதுக்கு எவனும் பின் நம்பரு கேக்க மாட்டான், கியூஆர் அனுப்ப மாட்டான். ஏமாந்துட்டா அந்த நிமிசமே 1930, சைபர் மோசடிப் புகார் எண்.

ஜனவரிப் பயணம்னா இப்பமே வாங்கிருங்க, டிசம்பர்ல 43 தேடுனா இருக்காது. தம்பி இன்சோலை அளந்துட்டு எத்தனை வந்துதுன்னு எழுதுங்க, கடை போட்டிருந்த அளவையும் சேர்த்து.

அடுத்தது தக்கலை. டியூப்லெஸ் டயர்ல சீலன்ட் காஞ்சு போனதை எப்படி வழிச்சு எடுக்கன்னு கேட்டிருக்காவ.