98 ஆட்டங்கள், 537 கோல்கள்

நேயர்களுக்கு வணக்கம். குளிர்காலத்துச் சனிக்கிழமை மெல்பர்னில் ரயில் ஏறியவர்களுக்கு ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து, என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டமே பார்க்காதவர்கள்கூட ஸ்கார்ஃப் கட்டிய கூட்டத்தில் நசுங்கியிருப்பீர்கள். அதில் கறுப்பும் சிவப்புமாக வருகிறவர்கள் எஸ்ஸன்டன் கிளப்காரர்கள். வயதான எஸ்ஸன்டன்காரர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் ஜான் கோல்மன் என்று ஒரு பேரைச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் இறங்க வேண்டிய ஸ்டேஷன் போய்விடும்.

இத்தனைக்கும் அந்த மனிதர் ஆடியது வெறும் 98 ஆட்டங்கள். 1949-இல் வந்தார், 1954-இல் முடிந்துவிட்டது. அதற்குள் அடித்தது 537 கோல். 98 ஆட்டத்தில் 537. ஆட்டத்துக்கு ஐந்துக்கும் மேலே வருகிறது.

பிறந்தது போர்ட் ஃபேரி என்ற கடலோர ஊரில். பிறகு ஹேஸ்டிங்ஸ் ஊர் அணிக்கு ஆடி, கோலாக அடித்துக் குவித்துக்கொண்டிருந்தார். எஸ்ஸன்டன் அவரை இறக்கியபோது வயது 20. விண்டி ஹில் மைதானம், எதிரணி ஹாவ்தோர்ன். காலில் பட்ட முதல் பந்தே கோல். அன்று மொத்தம் 12 கோல். அறிமுக ஆட்டத்தில் அதைத் தாண்டியவர் இன்றுவரை யாரும் இல்லை.

கோல் கம்பத்துக்கு முன்னால் நின்று, வருகிற பந்தைப் பிடித்து அடிக்கிற ஆள் ஃபுல் ஃபார்வர்ட். இவருக்கு அந்த வேலைதான். இந்த ஆட்டத்தில் உதைத்து வருகிற பந்தைக் கீழே விழாமல் பிடித்துவிட்டால் அது மார்க். அப்புறம் யாரும் தொட முடியாது, நிதானமாக நின்று உதைக்கலாம். பந்து வருகிற இடத்தில் மூன்று நான்கு பேர் முண்டிக்கொண்டு நிற்பார்கள். கோல்மன் பின்னாலிருந்து ஓடி வந்து, முன்னால் நிற்பவர் முதுகிலோ தோளிலோ முழங்காலை ஊன்றி எழும்பி, எல்லாருடைய கைக்கும் மேலே போய்ப் பந்தை எடுப்பார். பழைய படங்களைப் பாருங்கள். அவருடைய பூட்ஸ் இன்னொருவர் இடுப்பு உயரத்தில் இருக்கும்.

முதல் வருடமே கிராண்ட் ஃபைனல், அதாவது கோப்பைக்கான இறுதி ஆட்டம். மெல்பர்ன் கிரிக்கெட் மைதானமான எம்சிஜியில் 90 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம், எதிரில் கார்ல்டன். எஸ்ஸன்டன் 73 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது. அது எப்போதோ முடிவான ஆட்டம். ஆனாலும் கடைசிக் கால்பகுதியில் ஒருவரும் எழுந்து போகவில்லை. கோல்மனுடைய சீசன் கணக்கு நூறைத் தொடுமா என்று பார்க்கத்தான். தொட்டது. அடுத்த வருடம் 120 கோல், மறுபடியும் கோப்பை.

சரி, 1951-க்கு வருகிறேன். இதைப் பேசத்தான் நான் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். மூன்றாவது கோப்பை கைக்கெட்டும் தூரத்தில். ஃபைனல்ஸ் என்கிற இறுதிச் சுற்றுக்கு முந்தைய கடைசி ஆட்டம், மறுபடியும் கார்ல்டன். கோல்மனை மறிப்பதற்கு அந்தக் காலத்தில் எதிரணிகளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: சட்டையைப் பிடி, இழு, இடி, குத்து. அன்று ஹாரி காஸ்பர் என்ற ஆட்டக்காரர் குத்தினார். கோல்மன் திருப்பிக் குத்தினார். விசாரணை நடந்தது. முதலில் சீண்டியது கோல்மன் இல்லை என்று சாட்சியும் சொன்னார்கள். தீர்ப்பு? இருவருக்கும் நான்கு ஆட்டம் தடை.

பள்ளிக்கூடத்தில் நமக்கெல்லாம் நடந்ததுதான். அடித்தவனுக்கும் ஒரு பிரம்படி, திருப்பி அடித்தவனுக்கும் ஒரு பிரம்படி. வாத்தியாருக்கு வேலை சுலபம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். நான்கு ஆட்டம் என்றால் ஃபைனல்ஸ் முழுக்கப் போச்சு. காகிதத்தில் இருவருக்கும் ஒரே தண்டனைதான், இழப்பு ஒன்றா? கோல்மன் விசாரணை அறையிலிருந்து அழுதுகொண்டே வெளியே வந்தார். அவர் இல்லாமல் கிராண்ட் ஃபைனலுக்குப் போனார்கள். ஆடுவதை நிறுத்திவிட்டிருந்த பயிற்சியாளர் டிக் ரெனால்ட்ஸே மாற்று ஆட்டக்காரராகச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஜீலாங் அணியிடம் தோற்றது 11 புள்ளி வித்தியாசத்தில். ஒரு கோலுக்கு ஆறு புள்ளி. இரண்டே கோல், நேயர்களே! ஆட்டத்துக்கு ஐந்து கோல் அடிக்கிறவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார். திருப்பி அடித்தது தப்புதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவரை வாராவாரம் இழுத்தவர்களையும் இடித்தவர்களையும் அம்பயர்கள் ஒழுங்காகக் கவனித்திருந்தால் அந்தக் கை எழுந்தே இருக்காது. எஸ்ஸன்டன்காரர்கள் இன்னும் ஆறவில்லை. நானும்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1952-இல் 103 கோல், 53-இல் 97. 1954-இல் ஃபிட்ஸ்ராய்க்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 14. அடுத்த வாரமே நார்த் மெல்பர்ன் ஆட்டத்தில் முழங்கால் மூட்டு நழுவியது. வயது 25. திரும்பி வர முயன்றும் கால் ஒத்துழைக்கவில்லை. பிறகு 1961 முதல் 67 வரை எஸ்ஸன்டனுக்கே பயிற்சியாளர். 62-இலும் 65-இலும் கோப்பை. அதைப் பற்றி நிறையக் குறித்துக்கொண்டு வந்தேன், முடியவில்லை. ட்ரோமானாவில் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்தபோது, 1973-இல், 44 வயதில் காலமானார். சீசனில் அதிகக் கோல் அடிக்கிறவருக்கு 1981-இலிருந்து தருகிற கோல்மன் மெடல் இவர் பேரில்தான். பயிற்சியாளர் கதையை இன்னொரு நாள் கூப்பிட்டால் வந்து சொல்கிறேன். வணக்கம்.