நித்தியகல்யாணியின் வேலையை ஈஸ்ட் செய்தால்?

[காட்சி: வேலியோரம் இளஞ்சிவப்புப் பூக்களோடு ஒரு செடி]

நித்தியகல்யாணி. தண்ணீர் ஊற்ற மறந்தாலும் பூக்கும், ஆடு மாடு வாய் வைக்காது. தென் மாவட்டங்களில் மானாவாரிப் பயிராகவே போட்டு, இலையையும் வேரையும் மருந்துத் தயாரிப்புக்கு விற்கிறார்கள்.

1950களில் கனடாவில் ராபர்ட் நோபலும் சார்லஸ் பீரும் இந்த இலைச் சாற்றைச் சர்க்கரை நோய்க்காகச் சோதித்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தின் வெள்ளை அணுக்கள்தான் மளமளவென்று குறைந்தன. அணுக்கள் பெருகுவதைத் தடுக்கும் ஏதோ ஒன்று சாற்றில் இருந்தது. அப்படிக் கையில் சிக்கியதுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து.

[காட்சி: காய்ந்த இலை மூட்டைகள், பக்கத்தில் ஒரு சிட்டிகைத் தூள்]

1 கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். செடி ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் செய்கிறது? வின்பிளாஸ்டின் என்பது விண்டோலின், கேத்தரன்தின் என்ற இரண்டு பொருள்கள் ஒட்டி உருவாவது. விண்டோலின் இலைக்குள் இருக்கும் செல்களில் தங்கிவிடுகிறது. கேத்தரன்தினோ இலையின் மேல்பரப்பு மெழுகுக்கு வந்துவிடுகிறது. ஒரே இலையில் இருந்தும் இரண்டும் சந்திப்பது அபூர்வம்.

சரி, செடியை விட்டுவிட்டு ஈஸ்டிடம் கேட்டால்? ஆமாம், பேக்கரியில் மாவை உப்ப வைக்கும் அதே ஈஸ்ட்தான். 2022இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஒரு குழு இதைச் செய்து காட்டியது. நுண்ணுயிர்களை மருந்து செய்ய மாற்றியமைக்கும் ஆராய்ச்சியாளர் ஜே கீஸ்லிங்கும் அதில் உண்டு.

ஈஸ்ட் தன் செல் சவ்வுக்காக எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளைச் செய்கிறது. அதற்கான மூலப்பொருளில் ஒரு பங்கைத் திருப்பிவிட்டால் முதல் படி தயார். அங்கிருந்து விண்டோலின், கேத்தரன்தின் வரை சுமார் 30 படிகள், ஒவ்வொன்றையும் நடத்த என்சைம் என்ற புரதம் வேண்டும். அதற்காக 34 வெளி மரபணுக்களை ஈஸ்டுக்குள் வைத்தார்கள்.

வைத்தால் மட்டும் போதாது. பாதி வழியில் ஈஸ்டின் சொந்த என்சைம்கள் புகுந்து, செய்து வைத்ததை வேறொன்றாக மாற்றிவிடும். பந்தியில் இலை போட்டு முடிப்பதற்குள் ஒருவர் சுருட்டிக்கொண்டே வந்தால் எப்படி இருக்கும்? அந்த மரபணுக்களைத் தேடிப் பிடித்து நீக்கினார்கள். சேர்த்தது, நீக்கியது, அடக்கியது, கூட்டியது எல்லாம் சேர்த்து மொத்தம் 56 திருத்தங்கள். கடைசி ஒட்டு வேலை மட்டும் ஈஸ்டுக்கு வெளியே, ரசாயன முறையில் நடந்தது.

[திரையில்: லிட்டருக்கு விண்டோலின் 305 மைக்ரோகிராம், கேத்தரன்தின் 527 மைக்ரோகிராம்]

படிக்கும்போது பெரிதாகத் தெரியும் எண்கள் இவை. ஆனால் 1 கிராம் விண்டோலினுக்கே 3,200 லிட்டருக்கு மேல் ஈஸ்ட் கரைசல் வேண்டும். இலை மூட்டைக்கு இப்போதைக்குப் போட்டி இல்லை.

அப்புறம் ஏன் இவ்வளவு பரபரப்பு? பாதி வழியில் உருவாகும் ஸ்ட்ரிக்டோசிடின் என்ற பொருள் ஒரு சாலைச் சந்திப்பு மாதிரி. சின்கோனா பட்டையில் இருக்கும் மலேரியா மருந்தான குயினைன் உட்பட, ஆல்கலாய்டுகள் எனப்படும் ஆயிரக்கணக்கான தாவர வேதிப்பொருள்கள் அங்கிருந்துதான் கிளை பிரிகின்றன. அந்தச் சந்திப்பு வரை வர ஈஸ்டுக்கு இப்போது வழி தெரியும்.