மணி நரிக்குப் பிறந்தவனா?

வணக்கம் நேயர்களே. எங்கள் லயத்துக்கு மேலே மானாப்புல் மேட்டில் ராத்திரி நரி ஊளையிட்டால், இஸ்தோப்பில் சாக்கு விரித்துப் படுத்திருக்கும் எங்கள் நாய் மணியும் எழுந்து மூக்கைத் தூக்கிப் பதில் ஊளை போடுவான். போன வாரம் பேரன் கேட்டான்: "தாத்தா, மணி நரிக்குப் பொறந்தவனா?"

சிரித்துவிடாதீர்கள். நோபல் பரிசு வாங்கிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸே, பெரும்பாலான நாய்கள் நரி வழி வந்தவை என்று ஒரு காலத்தில் எழுதினார். பிறகு அவரே அதைக் கைவிட்டுவிட்டார். மரபணுவைப் பார்த்தால் மணியும் சரி, பங்களாவில் வளரும் அல்சேஷனும் சரி, ஓநாய் வழிதான். அதுவும் இன்றைக்கு உலவுகிற ஓநாய் அல்ல, அற்றுப்போன ஒரு பழைய ஓநாய்க் கூட்டம். இப்போதுள்ள ஓநாய் மணிக்குப் பங்காளி முறை. இலங்கையில் ஓநாயே கிடையாது. மணியின் முன்னோர் மனிதரோடுதான் இந்தத் தீவுக்கு வந்திருக்கிறார்கள்.

ஓநாய் நாயாக மாறிக் குறைந்தது 15,000 வருடமாவது இருக்கும். எந்த நாட்டில் என்று கேட்டால் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டைதான். மனிதர்கள் ஓநாய்க் குட்டியைத் தூக்கிவந்து வளர்த்தார்களா, மிச்சம் மீதியைத் தேடி ஓநாயே கிட்ட வந்ததா என்பதிலும் அப்படித்தான். எனக்கென்னவோ இரண்டும் நடந்திருக்கும் என்றே படுகிறது.

ஜெர்மனியில், பான் நகருக்குப் பக்கத்தில், 1914இல் கல் உடைத்தவர்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. சுமார் 14,000 வருடப் பழசு. குட்டிக்கு வயது 7 மாதம்தான். பல்லில் இருந்த தழும்பை வைத்து, அதற்கு டிஸ்டெம்பர் நோய் கண்டிருந்தது என்கிறார்கள். அந்த நோய் வந்த குட்டி தானாகத் தின்னாது, எழுந்து நடக்காது. வேட்டைக்கு உதவாத அந்தக் குட்டியை யாரோ வாரக்கணக்கில் துடைத்து, தண்ணீர் புகட்டிப் பார்த்திருக்கிறார்கள். இரும்பு இல்லை, பயிர்ச் செய்கை இல்லை, அந்தக் காலத்தில்!

பயிர்ச் செய்கை வந்த பிறகு நாயின் வயிறும் மாறியது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயிடம் 2 பிரதிதான். பெரும்பாலான நாய்களிடம் 4 முதல் 30 வரை இருப்பதை 2013இல் கண்டார்கள். அதனால்தான் கோதுமை மா ரொட்டியிலேயே மணியின் காலம் ஓடுகிறது.

அப்புறம் இன்னொன்று. உட்புருவத்தைத் தூக்கும் தசை நாய்க்கு நன்றாக வளர்ந்திருக்கிறது. ஓநாய்க்கு அது நூல் மாதிரி, இருக்கிறதா என்றே தேட வேண்டும். இதையெல்லாம் பேரனுக்குச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். மணி வாசற்படியில் உட்கார்ந்து புருவத்தைத் தூக்கினான். பேரன் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, "எனக்கு இன்னொண்ணு குடுங்க பாட்டி" என்றான்.