நெருப்புப் பந்து பறந்தால் உடனே என்ன செய்யணும்?

வணக்கம் நண்பர்களே. டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட்ஸ் எரிகல் பொழிவு உச்சத்தில் இருக்கும். வருஷத்தில் ஒரே ஒரு பொழிவுக்குத்தான் கண்விழிக்க முடியும் என்றால் இதற்கு விழியுங்கள். ஆகஸ்ட்டில் வரும் பெர்சீட்ஸ் நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகம், இது 35தான். அதனால் கோடு நிதானமாக ஓடும், பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டக்கூட நேரம் கிடைக்கும். பெரும்பாலான பொழிவுகளுக்கு வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசி காரணம். இதற்கோ 1983இல் கண்டுபிடித்த ஃபேத்தான் என்கிற சிறுகோள்.

இந்த எரிகற்கள் மிதுனம் (ஜெமினி) விண்மீன் கூட்டத்திலிருந்து வருவது போலத் தெரியும். நம் ஊரில் அது இரவு 2 மணி வாக்கில் உச்சிக்குப் பக்கத்தில் வந்துவிடும். நள்ளிரவுக்கு மேல் மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுங்கள். போனை இருபது நிமிஷம் தொடாதீர்கள், கண் இருட்டுக்குப் பழகணும். வடகிழக்குப் பருவமழை மேகம் விலகுவது மட்டும் நம் கையில் இல்லை.

சரி, வெள்ளிக் கிரகத்தைவிடப் பளிச்சென்று ஒன்று பறந்தால் அதுதான் ஃபயர்பால், அதாவது நெருப்புப் பந்து. பொழிவில் வருபவை சின்னத் துணுக்குகள், உயரத்திலேயே எரிந்து போகும், பயமே வேண்டாம். ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் 2013 பிப்ரவரி 15 காலை வந்தது வேறு ரகம். எந்தப் பொழிவையும் சேராத, சுமார் 20 மீட்டர் பாறை. வெளிச்சத்தைப் பார்த்து மக்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். அதிர்வலை இரண்டு நிமிஷம் போலக் கழித்துத்தான் வந்தது. காயப்பட்ட சுமார் 1500 பேரில் நிறைய பேருக்குக் கண்ணாடி கிழித்த காயம். இதை வீட்டில் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்: கண் கூசும் வெளிச்சம் வந்தால் ஜன்னலை விட்டு விலகணும்.

அந்தப் பாறை எந்த வழியாக வந்தது என்று கார் கேமராக்களை வைத்தே கணக்கிட்டார்கள். உங்கள் கண்ணும் அப்படி ஒரு சாட்சிதான். ஃபயர்பால் பார்த்தால் முதலில் நேரத்தைக் குறியுங்கள். அப்புறம் நின்ற இடம், அது தொடங்கிய திசை, மறைந்த திசை, அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரம் என்பது. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி. சத்தம் கேட்டால் எத்தனை நிமிஷம் கழித்து என்பதும் முக்கியம். சர்வதேச எரிகல் அமைப்பின் இணையதளத்தில் இதற்குப் படிவம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். ஒரே ஊர்க்காரர் சொன்னால் பாதை கிடைக்காது, தள்ளித் தள்ளி இருக்கும் ஊர்களிலிருந்து வரணும். கூட இருந்தவரும் தனியாக எழுதட்டும், இரண்டு பேரும் பேசி ஒப்பிடுவதற்கு முன்னாலேயே.