பதினேழு வயதுப் பிள்ளைக்கு வேவு வேலையா?

நடுவர் அவர்களுக்கும் அவையில் இருக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

பெரிய குற்றங்களைப் பிடிக்கச் சிறார்களை வேவு வேலைக்குப் பயன்படுத்தலாமா, கூடாதா என்பது இன்றைய தலைப்பு. கூடவே கூடாது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் பிரிட்டனை எடுத்துக்காட்டினார். அங்கே சட்டம் இருக்கிறது, கட்டுப்பாடு இருக்கிறது, எண்ணிக்கையும் மிகக் குறைவு என்றார். சரி, பிரிட்டனுக்கே போவோம்.

18 வயது நிரம்பாதவர்களைக் காவல்துறை ரகசியத் தகவலாளிகளாக வைத்துக்கொள்ள அங்கே 2000ஆம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. ஒருமுறை தரும் அனுமதி ஒரு மாதம் செல்லும். 2018இல் அதை நான்கு மாதமாக நீட்டினார்கள். நாடாளுமன்ற மேலவையின் குழு ஒன்று அந்தத் திருத்தத்தைக் கேள்வி கேட்ட பிறகுதான், இப்படி ஒரு வழக்கம் இருப்பதே அந்த நாட்டு மக்களில் பலருக்குத் தெரிந்தது. 2015 ஜனவரி முதல் 2018 டிசம்பர் வரை 17 அனுமதிகள். அதில் ஒரு பிள்ளைக்கு வயது 15.

வெறும் பதினேழுதானே என்கிறார் நண்பர். மேலவையிலேயே எடுத்துச் சொல்லப்பட்ட ஒரு வழக்கை அவர் கேட்க வேண்டும். 17 வயதுப் பெண் ஒருத்தி. ஒருவன் அவளைப் பாலியல் தொழிலில் தள்ளிப் பணம் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் காவல்துறையின் கண்ணில் பட்டாள். அன்றைக்கே அவளை மீட்டிருக்கலாம். ஆனால் அவனைப் பற்றித் தகவல் கொடு என்று கேட்டு, அவளைத் தகவலாளி ஆக்கினார்கள். அவள் அவனோடுதான் இருந்தாள், கொடுமையும் தொடர்ந்தது. கடைசியில் ஒரு கொலை வழக்கில் சாட்சியாகவும் ஆனாள். நடுவர் அவர்களே, அவள் வீட்டுப் பெரியவர் ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் இதற்குச் சம்மதித்திருப்பாரா?

ஆனால் பெரியவர் அங்கே இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. 2000ஆம் ஆண்டு விதிப்படி, அதிகாரி பிள்ளையைச் சந்திக்கும்போது பொறுப்பான பெரியவர் உடனிருப்பது 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மட்டும்தான் கட்டாயம். பெற்றோரையே வேவு பார்க்கச் சொல்லக் கூடாது என்ற தடையும் அந்த வயதோடு நின்றுவிடுகிறது. பிள்ளைக்கு 16 முடிந்துவிட்டால், தாய் தகப்பனையே கண்காணிக்கச் சொல்ல விதியில் இடம் இருந்தது! இதற்கெல்லாம் நீதிபதியிடம் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டியதில்லை, காவல்துறையின் உயர் அதிகாரியே தரலாம். தகவல் தேவைப்படும் துறையே பிள்ளையின் நலத்தையும் எடைபோடுகிறது. இதைத்தான் நண்பர் கட்டுப்பாடு என்கிறார்.

அவருடைய பெரிய வாதம், கும்பல்களே சிறுவர்களைத்தான் பயன்படுத்துகின்றன, அவர்களுக்குள் இன்னொரு சிறுவனால்தான் நுழைய முடியும் என்பது. முதல் பாதி உண்மை, மறுக்கவில்லை. லண்டன், லிவர்பூல் போன்ற நகரங்களின் போதைக் கும்பல்கள் சிறு ஊர்களுக்குச் சரக்கு கொண்டுபோகப் பள்ளிப் பிள்ளைகளைப் பிடிக்கின்றன. 'கவுன்டி லைன்ஸ்' என்பார்கள். முதலில் செருப்பு, போன் என்று வாங்கித் தருவார்கள். அப்புறம் தங்கள் ஆளை வைத்தே அந்தப் பிள்ளையிடமிருந்து சரக்கைப் பறிக்கச் செய்து, நீ எங்களுக்குக் கடன்பட்டிருக்கிறாய் என்று கட்டிப்போடுவார்கள். இப்படிச் சுரண்டப்படும் பிள்ளைகளைப் பாதிக்கப்பட்டவர்களாகப் பார்க்க வேண்டும் என்றுதான் பிரிட்டன் 2015இல் நவீன அடிமைத்தனத்துக்கு எதிராகச் சட்டம் போட்டது. பாதிக்கப்பட்டவள் என்று ஒரு கையால் எழுதிக்கொண்டு, மறு கையால் அதே கும்பலுக்குள் திருப்பி அனுப்பலாமா? முதலையின் வாயிலிருந்து இழுத்த பிள்ளையை, முதலைக்கு எத்தனை பல் என்று எண்ணி வரச் சொல்வது போல அல்லவா இருக்கிறது!

பிள்ளையை விட்டால் வேறு வழியே இல்லை என்பதையும் நான் ஏற்கவில்லை. 2016இல் வந்த சட்டத்தின் மூலம் தகவல் தொடர்புகளை மொத்தமாகவே சேகரிக்கும் அதிகாரம் அந்த அரசிடம் இருக்கிறது. அந்த அளவு அதிகாரமும் எனக்கு உவப்பில்லை, அது வேறொரு நாள் பேச வேண்டியது. 2020இல் 'என்க்ரோசாட்' என்ற, குற்றவாளிகள் பயன்படுத்திய ரகசியப் போன் சேவையைப் பிரெஞ்சுக் காவல்துறை உடைத்தது. அந்தத் தகவலை வைத்து பிரிட்டனில் 746 பேரைக் கைது செய்தார்கள். உடைத்தது கணினித் திறமை, எந்தப் பள்ளிப் பிள்ளையும் அல்ல.

2019இல் லண்டன் உயர் நீதிமன்றம் இதைச் செல்லும் என்று சொல்லிவிட்டதே என்றார் நண்பர். ஆம், சிறார் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்த்தது. நாம் தகுமா என்று பார்க்க உட்கார்ந்திருக்கிறோம்.

இன்னொன்று. 2025 செப்டம்பரில் நெதர்லாந்தில் 17 வயதுப் பையன்கள் இருவரைக் கைது செய்தார்கள். ரஷ்ய ஆதரவு ஆட்கள் டெலிகிராமில் பிடித்து, ஹேக் நகரில், ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் போன்றவற்றின் அலுவலகங்களின் அருகே வைஃபை சமிக்ஞைகளைத் திரட்டும் கருவியோடு நடக்க வைத்தார்கள் என்பது சந்தேகம். முகம் தெரியாத ஒருவன் போனிலேயே பிள்ளையை வளைக்கக்கூடிய காலம் இது. அவனையும் பிரிட்டன் காவல்துறையையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் யார் கேட்டாலும் வேவு வேலைக்குப் போகாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய அரசு, நான் கேட்டால் மட்டும் போ என்று சொன்னால் பிள்ளை எதை நம்பும்?

18 வயது வரை எவரையும் தகவலாளியாக்கக் கூடாது, கும்பலில் சிக்கிய பிள்ளையைக் கண்ட அதிகாரி அன்றே சிறார் நலத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எங்கள் அணி கேட்கிறது. அப்படியே தீர்ப்பளிக்க வேண்டுகிறேன். வணக்கம்.