சுழலும் காந்தப்புலம்: நிக்கோலா டெஸ்லா மின்சார உலகிற்கு அளித்தது

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மும்முனை மோட்டார் ஒன்றின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். வெளிக்கூட்டின் உட்புறக் காடிகளில் செம்புக் காயில்கள் கட்டப்பட்டிருக்கும். வெளியிலிருந்து வரும் மின்கம்பிகள் அவற்றோடு வந்து சேரும். நடுவில் சுழலும் பகுதியான ரோட்டாரை உருவி எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தால், அதற்கு எந்தக் கம்பியும் வரவில்லை என்பது தெரியும். மாணவப் பருவத்தில் முதன்முறையாக அதைக் கையில் எடுத்தபோது, மின்சாரம் எந்த வழியாக இதற்குள் நுழைகிறது என்று திருப்பித் திருப்பித் தேடினேன். நுழைவதற்கு வழியே இல்லை. நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டரும் இல்லாத காற்று இடைவெளி மட்டுமே. அந்த இடைவெளிக்குள் நிகழ்வது என்ன என்பதைப் பற்றியும், அதை மனத்தில் கண்டு பொறியாக்கிய நிக்கோலா டெஸ்லாவைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

டெஸ்லாவின் பெயர் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. ஆனால் மின்னல்களுக்கு நடுவே அமர்ந்து படித்த மந்திரவாதியாக, உலகம் மறைத்துவைத்த இரகசியங்களின் உரிமையாளராக அவரை வியப்பவர்களே மிகுதி. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. அவர் செய்து முடித்த செயல், அவரைப் பற்றிச் சொல்லப்படும் எந்தக் கதையையும்விடப் பெரியது. அது நம் வீட்டுக் கிணற்றடியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

1856 ஜூலை 10 அன்று, அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் எல்லைப் பகுதியிலிருந்த, இன்று குரோவேஷியாவில் உள்ள ஸ்மில்யான் என்னும் சிற்றூரில் செர்பியக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை மிலுட்டின், மரபுவழித் திருச்சபையின் பாதிரியார். தாய் எழுத்தறியாதவர், ஆயினும் வீட்டுக்கு வேண்டிய கருவிகளைத் தாமே செய்துகொள்ளும் கைத்திறனும், நெடிய காவியப் பாடல்களை மனப்பாடமாகச் சொல்லும் நினைவாற்றலும் உடையவர். தம் படைப்புத் திறனுக்குத் தாயே ஊற்று என்று டெஸ்லா பிற்காலத்தில் எழுதினார்.

கிராட்ஸ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயின்றபோது, பேராசிரியர் பெஷல் என்பவர் கிராம் டைனமோ என்னும் நேர்மின்னோட்டப் பொறியை மோட்டாராக ஓட்டிக் காட்டினார். சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்லவும், ஒவ்வோர் அரைச்சுற்றிலும் அதன் திசையை மாற்றவும் அன்றைய மோட்டார்களுக்கெல்லாம் கம்யூட்டேட்டர் என்னும் பிளவுபட்ட வளையமும், அதன்மேல் உரசிக்கொண்டே நிற்கும் பிரஷ்களும் தேவைப்பட்டன. உரசுமிடத்தில் தீப்பொறி பறந்தது. இந்த உறுப்பே இல்லாமல் மோட்டார் செய்ய முடியாதா என்று இளைஞர் டெஸ்லா கேட்டார். முடியவே முடியாது என்று விளக்குவதற்காகப் பேராசிரியர் ஒரு வகுப்பையே செலவிட்டதாக டெஸ்லா நினைவுகூர்கிறார். பேராசிரியரைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. அன்று உலகில் தெரிந்திருந்த அறிவின்படி அவர் சொன்னது சரியே.

டெஸ்லா பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார். கேள்வி மட்டும் அவரோடு சென்றது. 1882 பிப்ரவரியில், புடாபெஸ்ட் நகரப் பூங்காவில் நண்பர் சிகெட்டியோடு நடந்துகொண்டிருந்தார். சாயும் கதிரவனைப் பார்த்துக் கவிஞர் கதேயின் வரிகளைச் சொல்லிக்கொண்டிருந்த வேளையில் விடை மின்னலெனத் தோன்றியது என்றும், உடனே ஒரு குச்சியால் மணலில் படம் வரைந்து காட்டினேன் என்றும் அவர் பின்னாளில் எழுதினார். ஆண்டுகள் பல கழித்துச் சொல்லப்பட்ட நினைவு அது, அழகு கூடியிருக்கலாம். மணலில் வரைந்த பொருளைப் பற்றி ஐயத்துக்கு இடமில்லை.

அந்தப் பொருளைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம். நம் வீடுகளில் தானியம் திரித்த திரிகையை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒரே பிடியைப் பற்றிச் சுற்றும்போது, ஒருவருடைய கைவீச்சு ஓயும் தறுவாயில் மற்றவருடைய விசை உச்சம் பெறுகிறது. இருவருமே முன்னும் பின்னுமாகத்தான் கையை நீட்டி மடக்குகிறார்கள், கல்லோ வட்டமாகச் சுழல்கிறது. டெஸ்லா செய்தது இதற்கு நிகரானது. ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு ஜோடிக் காயில்களை வட்டமாக அமைத்து, ஒரு ஜோடியில் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும்போது மற்றதில் சுழியாக இருக்கும்படி, கால் சுற்று முன்பின்னாக எழுந்தடங்கும் இரண்டு மாறுதிசை மின்னோட்டங்களை அவற்றில் செலுத்தினால், அவை எழுப்பும் காந்தப்புலங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே புலமாகி, காயில்கள் அசையாமல் நிற்க, புலம் மட்டும் நடுவெளியில் சுழலும். மும்முனை மின்சாரத்தில் இதே வேலையை மூன்று காயில் தொகுதிகள் செய்கின்றன.

சுழலும் அந்தப் புலத்துக்குள் செம்புச் சட்டங்களைக் கொண்ட ஓர் உருளையை வைத்தால், 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த தூண்டல் விதிப்படி, அந்தச் சட்டங்களில் மின்னோட்டம் தானாகவே பிறக்கிறது. பிறந்த மின்னோட்டத்தைப் புலம் இழுத்துச் செல்கிறது. ரோட்டார் புலத்தின் பின்னால் ஓடுகிறது. ஆனால் அது புலத்தை முழுவதுமாக எட்டிப்பிடித்துவிட்டால் தூண்டலே நின்றுவிடும் என்பதால், எப்போதும் சற்றுப் பின்தங்கியே ஓடும். நான்கு முனைக் காந்த அமைப்புள்ள மோட்டாரில், நொடிக்கு 50 சுழற்சி கொண்ட நம் நாட்டு மின்சாரத்தில், புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கிறது. அந்த மோட்டாரின் பெயர்ப்பலகையிலோ பெரும்பாலும் 1440 என்பதுபோல் எழுதியிருக்கும். அந்த 60 சுற்றுப் பின்னடைவில்தான் மோட்டாரின் விசை முழுவதும் அடங்கியிருக்கிறது.

1884இல் நியூயார்க் வந்த டெஸ்லா, எடிசனின் நிறுவனத்தில் சில மாதங்களே பணியாற்றினார். பின்னர் முதலீட்டாளர்களோடு சேர்ந்து தொடங்கிய வில்விளக்குத் தொழிலில் கைவிடப்பட்டு, 1886-87 குளிர்காலத்தில் கூலிக்குப் பள்ளம் தோண்டும் நிலைக்கு வந்தார். அங்கிருந்து மீட்டவர்கள் ஆல்ஃபிரெட் பிரவுன், சார்லஸ் பெக் என்னும் இருவர். அவர்களுடைய துணையால் லிபர்ட்டி தெருவில் ஓர் ஆய்வகம் அமைந்தது. செம்பு பூசிய முட்டையொன்றைச் சுழலும் காந்தப்புலத்தில் வைத்து, அது வேகம் கொண்டு செங்குத்தாக எழுந்து நின்று சுழல்வதைக் காட்டியே பெக்கின் ஐயத்தைப் போக்கினார் என்பார்கள். 1888 மே 1 அன்று காப்புரிமைகள் வழங்கப்பட்டன. மே 16 அன்று அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் முன் அவர் ஆற்றிய உரையோடு மின்பொறியியல் உலகம் அவரை அறிந்துகொண்டது.

இந்த இடத்தில் நேர்மையோடு வேறு சிலரையும் நினைக்க வேண்டும். இத்தாலியின் தூரின் நகரில் கலிலேயோ ஃபெராரிஸ் என்னும் பேராசிரியர் 1885இலேயே சுழல் காந்தப்புலத்தைத் தனித்துக் கண்டறிந்து, 1888 மார்ச்சில் வெளியிட்டார். எனினும் இத்தகைய மோட்டாரால் வணிகப் பயன் இராது என்று அவரே முடிவு கட்டிவிட்டார். ஜெர்மனியில் ஏ.இ.ஜி. நிறுவனத்தின் மிகயில் டோலிவோ-டோப்ரவோல்ஸ்கி, இன்று நாம் பயன்படுத்தும் மும்முனை, கூண்டு ரோட்டார் மோட்டாரை 1889இல் உருவாக்கினார். 1891இல் நெக்கர் ஆற்றங்கரை லாஃபன் ஊரிலிருந்து 175 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு மும்முனை மின்சாரம் கொண்டுவரப்பட்டு, அங்கே ஒரு மோட்டார் நீரை இறைத்துச் செயற்கை அருவியைப் பாயவைத்தது. ஆற்றின் வீழ்ச்சி ஓரிடத்தில், அதன் வலிமையால் எழுந்த அருவி வேறிடத்தில். மின்மாற்றியை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் புடாபெஸ்டின் கான்ஸ் நிறுவனப் பொறியாளர் மூவரும் அமெரிக்காவின் வில்லியம் ஸ்டேன்லியும். இவர்களைச் சொல்வதால் டெஸ்லா சிறுத்துவிட மாட்டார். மின் இயற்றி, மின்மாற்றி, கம்பி, மோட்டார் என்பவற்றை ஒரே அமைப்பின் உறுப்புகளாக முதலில் முழுமையாகக் கண்டு காப்புரிமையில் எழுதிவைத்த பார்வை அவருடையது.

அந்தப் பார்வைக்கு ஏன் அவ்வளவு மதிப்பு? எடிசன் 1882இல் பேர்ல் தெருவில் தொடங்கிய நிலையம் 110 வோல்ட் நேர்மின்சாரம் தந்தது. ஏறத்தாழ ஒரு மைலுக்கு அப்பால் அதைக் கொண்டுசெல்வது கட்டுப்படியாகவில்லை. கம்பியில் வெப்பமாகும் இழப்பு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதால், மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் அதே திறனுக்கு மின்னோட்டம் பத்தில் ஒன்றாகவும், அதே கம்பியில் இழப்பு நூறில் ஒன்றாகவும் குறையும். மாறுதிசை மின்சாரத்தின் அழுத்தத்தை மின்மாற்றியால் எளிதாக உயர்த்தலாம், இறக்கலாம். ஆனால் 1888 வரை அதற்கு நல்ல மோட்டார் இல்லை. விளக்கெரிக்க மட்டுமே அது உதவியது. அந்தக் குறையை டெஸ்லாவின் மோட்டார் நீக்கியது.

அமெரிக்கத் தொழிலதிபர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1888 ஜூலையில் டெஸ்லாவின் காப்புரிமைகளைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றார். குதிரைத்திறன் ஒன்றுக்கு இரண்டரை டாலர் உரிமைத்தொகை என்பது உடன்பாட்டின் ஒரு பகுதி. டெஸ்லா பிட்ஸ்பர்க் சென்று ஏறத்தாழ ஓராண்டு உழைத்தார். நிறுவனத்தின் மின்சாரம் நொடிக்கு 133 சுழற்சி. அவருடைய மோட்டாருக்கு 60 தேவை. இந்த முரண்பாடு பல ஆண்டுகள் தீரவில்லை. சார்லஸ் ஸ்காட், பெஞ்சமின் லாம் ஆகிய பொறியாளர்களின் பொறுமையான உழைப்பே மோட்டாரைச் சந்தைப் பொருளாக்கியது. 60 சுழற்சியே இறுதியில் அமெரிக்காவில் நிலைத்தது. நிறுவனம் நெருக்கடியில் தவித்தபோது டெஸ்லா பெருந்தன்மையோடு உடன்படிக்கையைக் கிழித்தெறிந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. ஆவணங்கள் காட்டுவது, 1897இல் 2,16,000 டாலர் மொத்தத் தொகைக்கு நிறுவனம் அந்தக் காப்புரிமைகளை வாங்கிக்கொண்டது என்பதை. எடிசனுக்கும் டெஸ்லாவுக்கும் நடந்த தனிப்போர் என்று சொல்லப்படுவதும் உண்மையில் இரு நிறுவனங்களின் போட்டியே.

1893 சிகாகோ உலகக் கண்காட்சியை வெஸ்டிங்ஹவுஸ் மாறுதிசை மின்சாரத்தால் ஒளிரவைத்தார். அதைவிடப் பெரிய சோதனை நயாகரா. அருவியின் ஆற்றலை எப்படிக் கொண்டுசெல்வது என்று ஆராயப் பன்னாட்டுக் குழு அமைத்து, அதற்குப் பிரிட்டிஷ் இயற்பியலாளர் லார்ட் கெல்வினைத் தலைவராக்கியிருந்தார்கள். மாறுதிசை மின்சாரத்தைத் தேர்ந்தெடுக்கும் மாபெரும் தவற்றைச் செய்துவிடாதீர்கள் என்று 1893இல் தந்தியனுப்பியவர் அவர். பின்னர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். கால் சுற்று முன்பின்னாக எழுந்தடங்கும் இரண்டு மின்னோட்டங்களைத் தரும், 5000 குதிரைத்திறன் கொண்ட இருமுனை மின் இயற்றிகள் அங்கே நிறுவப்பட்டன. 1895 ஆகஸ்டில் அவற்றின் மின்சாரத்தை முதலில் பெற்றது ஓர் அலுமினியத் தொழிற்சாலை. 1896 நவம்பர் 16 நள்ளிரவு கடந்ததும், 26 மைல் தொலைவிலுள்ள பஃபலோ நகரத்துக்கு மின்சாரம் சென்று டிராம் வண்டிகளை ஓட்டியது. அலுமினியத்துக்கும் டிராமுக்கும் வேண்டியது நேர்மின்சாரம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சுழல்மாற்றிப் பொறிகள் அதை உரிய இடத்திலேயே மாற்றித் தந்தன. இருமுனையாகப் பிறந்த மின்சாரத்தை ஸ்காட் கண்டறிந்த இணைப்பு முறையால் மும்முனையாக்கியே பஃபலோவுக்கு அனுப்பினார்கள். எந்த வகை மின்சாரம் வேண்டியவருக்கும் ஒரே அமைப்பு ஈந்தது. பழைய நேர்மின்சாரக் கருவிகளையும் அது தன்னுள் ஏற்றுக்கொண்டது. மாறுதிசை மின்சாரம் வென்றதற்கு இதையே தலையாய காரணமாக நான் கருதுகிறேன்.

பஃபலோவுக்குப் பின் ஆறாண்டுகள்கூட நிறைவதற்குள் அதே முறை காவிரிக்கு வந்தது. 1902 ஜூனில் மைசூர் அரசின் சிவசமுத்திரம் மின்நிலையத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்கு மும்முனை மின்சாரம் கோலார் தங்கவயலுக்குப் பாய்ந்தது. அன்று உலகின் மிக நீண்ட மின்வழிகளில் அதுவும் ஒன்று. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற நம் மக்கள் பெருந்தொகையினராய் இறங்கி உழைத்த சுரங்கங்கள் அவை.

சிவசமுத்திரத்தில் மின்சாரம் பிறந்த அந்நாட்களில், டெஸ்லா நியூயார்க்குக்கு அருகே லாங் தீவில் ஒரு கோபுரம் எழுப்பிக்கொண்டிருந்தார். கம்பியே இல்லாமல் உலகெங்கும் செய்தியும் மின்னாற்றலும் அனுப்பும் கனவு அது. வங்கியாளர் ஜே. பி. மார்கன் அளித்த 1,50,000 டாலர் தீர்ந்தது. மேலும் பணம் வரவில்லை. 1917இல் கோபுரம் இடிக்கப்பட்டது. அதே ஆண்டில் மின்பொறியாளர் கழகம் அவருக்கு எடிசன் பெயரிலான பதக்கத்தை வழங்கியது. அவ்விழாவில் பேசிய பெஹ்ரெண்ட் என்னும் பொறியாளர், டெஸ்லாவின் உழைப்பின் விளைவை இவ்வுலகத் தொழிலிலிருந்து பிரித்தெடுத்துவிட்டால் ஆலைச் சக்கரங்கள் நிற்கும், வண்டிகள் நிற்கும், நகரங்கள் இருளும் என்ற பொருள்படக் கூறினார். கூண்டு மோட்டாரின் கணக்கை எழுதிப் பழகியவர் சொன்ன சொல் அது, முகமனுக்குச் சொன்னதன்று.

1943 ஜனவரி 7 அன்று, நியூயார்க் நகர விடுதி அறையொன்றில் தனியே அவர் இறந்தார். 1960இல், காந்தப்புலச் செறிவை அளக்கும் பன்னாட்டு அலகுக்கு டெஸ்லா என்று பெயரிட்டார்கள். பேச்சின் தொடக்கத்தில் நான் சொன்ன அந்தக் காற்று இடைவெளியில், மோட்டார் ஓடும்போது சுழலும் புலத்தின் செறிவு பொதுவாக ஒரு டெஸ்லாவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.