சாகத் துணியும் செல்

நேயர்களுக்கு வணக்கம்.

நிலக்கடலை, பருத்தி போடும் விவசாயிகள் இதைப் பார்த்திருப்பீர்கள். புழுக்களைக் கொல்லும் வைரஸ் கலந்த என்.பி.வி. கரைசல் தெளித்த சில நாளில் புழுக்கள் செடியின் நுனிக்கு ஏறி, தலைகீழாகத் தொங்கிச் செத்திருக்கும். தொட்டால் தோல் கிழிந்து கூழாக ஒழுகும். அந்தக் கூழ் முழுக்க வைரஸ். பட்டுப்புழு வளர்ப்பவர்களை வாட்டும் பால் நோயும் இதே குடும்பத்து வைரஸால் வருவதுதான்.

புழுவின் உடம்பு இப்படி வைரஸ் பண்ணையாக மாறப் பல நாள் ஆகும். அதுவரை அதன் செல்கள் உயிரோடு இருந்தாக வேண்டும். ஆனால் செல் சும்மா இருக்காது. வைரஸ் புகுந்துவிட்டது என்று தெரிந்தால் தன்னையே மாய்த்துக்கொள்ளப் பார்க்கும். அதற்கென்றே காஸ்பேஸ் என்ற புரதங்கள் உள்ளே உறங்கிக் கிடக்கின்றன. எழுந்தால் செல்லை உள்ளிருந்தே நறுக்கிப் போட்டுவிடும். செல் போனால் வைரஸ் பெருக இடமில்லை. பக்கத்துச் செல் பிழைக்கும். இத்தனை வருடம் படித்த பிறகும் இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிடுகிறது.

அப்படியானால் வைரஸ் எப்படி ஜெயிக்கிறது? அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் லோயிஸ் மில்லர் குழு 1991இல் இதற்கு விடை சொன்னது. அவர்கள் பயன்படுத்தியவை படைப்புழுவின் செல்கள். 2018 முதல் நம் மக்காச்சோளத்தைத் தின்கிறதே, அதே படைப்புழு. ஒரேயொரு மரபணு பழுதான வைரஸை அவற்றில் விட்டபோது, செல்கள் குமிழ் குமிழாக உடைந்து சிதறின. அந்த மரபணு தரும் புரதத்துக்குப் பி35 என்று பெயர். காஸ்பேஸ் அதை இரையென்று கடிக்கும். கடித்ததும் விட முடியாமல் மாட்டிக்கொள்ளும், தூண்டில் முள்ளை விழுங்கிய மீன் மாதிரி.

1993இல் ஆப்பிளைத் துளைக்கும் புழுவின் வைரஸில், சாவைத் தடுக்கும் இன்னொரு புரதத்தை அதே குழு கண்டது. அப்புறம் தேடினால், அதன் உறவுப் புரதங்கள் மனித செல்லிலும் இருந்தன! அவற்றில் ஒன்றான எக்ஸ்ஐஏபி, காஸ்பேஸ்களை நேரடியாகப் பிடித்து அடக்குகிறது.

சரி, சாவதற்கு முன் செல் அக்கம்பக்கத்தை எச்சரிக்க வேண்டாமா? நம் செல்களில் அதற்கும் ஏற்பாடு உண்டு. வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வை ரிக்-ஐ என்ற புரதம் மோப்பம் பிடிக்கும். செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் மேல் உட்கார்ந்திருக்கும் மாவ்ஸ் புரதத்துக்குச் சேதி போகும். அங்கிருந்து எழும் சமிக்ஞையால் செல் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரந்து சுற்றிலுமுள்ள செல்களை உஷார்ப்படுத்தும். செல்லின் சாவுக்கான சமிக்ஞைகள் பலவும் இதே மைட்டோகாண்ட்ரியா வழியாகத்தான் போகின்றன.

ஹெபடைடிஸ் சி வைரஸ் குறிவைப்பது இந்த மாவ்ஸைத்தான். தன்னிடமுள்ள கத்தரி போன்ற நொதியால் அதை வெட்டி, மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கழற்றிவிடுகிறது. எச்சரிக்கை வெளியே போவதில்லை. வைரஸ் தன் சொந்தப் புரதங்களைத் துண்டாக்கிக்கொள்ளவும் அதே கத்தரிதான் வேண்டும். 2011இல் வந்த டெலாப்ரெவிர், போசெப்ரெவிர் மருந்துகள் அந்தக் கத்தரியின் வாயைத்தான் கட்டின.

வணக்கம்.